பீமுக்குள் ரிங் எதற்கு? வெட்டு விசையைப் பற்றி ஓர் எளிய விளக்கம்

கம்பி கட்டி முடித்து, கான்கிரீட் ஊற்றுவதற்காகக் காத்திருக்கும் பீமைப் பலரும் பார்த்திருப்போம். நீளவாக்கில் ஓடும் தடித்த கம்பிகளைச் சுற்றி, மெல்லிய கம்பியை வளைத்துச் செய்த செவ்வக வளையங்கள் வரிசையாகக் கட்டப்பட்டிருக்கும். பாடநூல்கள் அவற்றை ஸ்டிரப் என்கின்றன. வேலை நடக்கும் இடத்தில் அவற்றின் பெயர் ரிங். இந்த ரிங் எதற்கு என்று அங்கே கேட்டால், "மெயின் கம்பி கலையாமல் நிற்பதற்கு" என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும். அது பொய்யன்று. ஆனால், கான்கிரீட் இறுகியபின் ரிங்குக்கு வேலை முடிந்துவிட்டது என்ற எண்ணம் அந்தப் பதிலுக்குள் ஒளிந்திருக்கிறது. உண்மையில் அதன் முதன்மையான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

பொறியியல் படித்தவர்கள் "அது ஷியருக்காக" என்பார்கள். ஷியர் என்றால் என்ன என்று மேலும் ஒரு கேள்வி கேட்டால், இரண்டு விரல்களைக் கத்தரிபோல அசைத்துக் காட்டுவதோடு விளக்கம் நின்றுவிடும். தமிழிலும் வெட்டு விசை, நறுக்கு விசை, கொய்வு விசை என்று கத்தியையும் அரிவாளையும் நினைவூட்டும் சொற்களையே வைத்திருக்கிறோம். இச்சொற்களில் பிழையில்லை. ஆயினும், கான்கிரீட் பீம் வெட்டு விசையால் உடையும்போது கத்தரி வைத்தாற்போல நேர்க்குத்தாக உடைவதில்லை, சாய்வாகப் பிளக்கிறது. இது ஏன் என்பது விளங்கிவிட்டால் ரிங்கின் கணக்கும் விளங்கிவிடும்.

சட்டி கைமாறும் வரிசை

கான்கிரீட் போடும் நாளில் ஆட்கள் வரிசையாக நின்று, சட்டியை ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு மாற்றுவார்கள். அந்த வரிசையில் ஒரு சிறு மாற்றத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ஒவ்வொருவரும் தமக்கு வந்த சட்டியோடு தம் பங்குக்கும் ஒரு சட்டியைச் சேர்த்து அடுத்தவரிடம் தருகிறார். முதல் ஆள் ஒரு சட்டியைத் தருவார். பத்தாவது ஆள் பத்துச் சட்டிகளைத் தர வேண்டியிருக்கும். வரிசையின் கடைசியில் நிற்பவருக்குத்தான் தோள்பட்டை வலிக்கும்.

பீமிலும் நடப்பது இதுவே. ஒரே சீராகப் பாரம் பரவியிருக்கும் பீமின் நடுவிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு துண்டும் தன்மேல் உள்ள பாரத்தையும் தனக்குக் கைமாறி வந்த பாரத்தையும் சேர்த்து, தூணை நோக்கி நிற்கும் அடுத்த துண்டிடம் ஒப்படைக்கிறது. பீமின் ஒரு குறுக்குவெட்டில் இப்படிக் கைமாறும் செங்குத்து விசையின் அளவே வெட்டு விசை. நடுவில் அது ஏறத்தாழச் சுழி. தூணின் முகத்தில் உச்சம். வளைவு இதற்கு நேர்மாறாக, இரு முனைகளிலும் வெறுமனே தாங்கப்பட்ட பீமில், நடுவில்தான் உச்சத்தை அடைகிறது. நடுப்பகுதியில் அடிக் கம்பி மிகுதியாகவும், தூண் அருகே ரிங் நெருக்கமாகவும் இருப்பதன் காரணம் இதுதான்.

கயிற்றுக் கட்டிலும் சாக்பீஸும்

இனி, தூணுக்குச் சற்று அருகே பீமின் பக்கவாட்டு முகத்தில் சாக்பீஸால் ஒரு சிறு சதுரம் வரைந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். தூண் இடப்பக்கம் இருக்கிறது. சதுரத்தின் இடது விளிம்பைத் தூண் மேல்நோக்கித் தள்ளுகிறது. வலது விளிம்பைப் பாரம் கீழ்நோக்கி இழுக்கிறது. இவ்விரண்டு மட்டும் இருந்தால் சதுரம் சக்கரம்போலச் சுழன்றுவிடும். அது சுழலாமல் நிற்பதற்கு, மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் கிடைமட்டமாக எதிரெதிர்த் திசைகளில் இரண்டு விசைகள் தாமாகவே எழுகின்றன. ஒரு கட்டுப் புத்தகங்களைப் படுக்கவைத்து வளைத்தால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குமே, அந்த வழுக்கலைத் தடுக்கும் விசைகள்தாம் இவை.

நான்கு விளிம்புகளிலும் இப்படி விசைகள் இருந்தால் சதுரம் என்னவாகும்? பழைய கயிற்றுக் கட்டிலை நினைத்துப் பாருங்கள். மூட்டுகள் தளர்ந்து, சட்டம் கோணலாகும்போது நான்கு சட்டங்களின் நீளமும் மாறுவதில்லை; ஆனால் ஒரு மூலைவிட்டம் நீள்கிறது, மற்றொன்று குறுகுகிறது. நீளும் திசையில் உள்ள கயிறு விறைக்கும், மற்றத் திசையில் உள்ளது தொய்யும். கொத்தனார்கள் அறையின் மூலை சரியாக இருக்கிறதா என்று பார்க்க இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து ஒப்பிடுவதும் இதே வடிவியல்தான். ஆக, வெட்டு விசை என்று நாம் சொல்வது, கான்கிரீட்டின் கண்ணுக்கு ஒரு சாய்வுத் திசையில் இழுப்பாகவும், அதற்குக் குறுக்கான சாய்வுத் திசையில் அமுக்கமாகவும் தெரிகிறது.

கான்கிரீட் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும். இழுவிசையைத் தாங்கும் திறனோ, அமுக்கத்தைத் தாங்கும் திறனில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். எனவே இழுப்பு எந்தத் திசையில் இருக்கிறதோ, அதற்குக் குறுக்கே அது பிளந்துவிடும். இதை மேசையிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு சாக்பீஸை இரு கைகளாலும் பிடித்து, துணி பிழிவதுபோல முறுக்குங்கள். முறுக்கும்போது அதன் மேற்பரப்பில் ஏறத்தாழத் தூய வெட்டு விசை மட்டுமே இருக்கிறது. ஆனால் சாக்பீஸ் வட்டமாக நறுக்கினாற்போல உடையாது. ஏறக்குறைய 45 பாகைச் சாய்வில், திருகுபோலச் சுற்றி உடையும். வகுப்புகளில் கரும்பலகையில் எழுதிக் காட்டும் கணக்குகளைவிட, உடைந்த அந்த ஒரு துண்டு அதிகம் சொல்லித்தரும் என்பது என் எண்ணம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: வெட்டு விசை தூணை நோக்கிப் போகப்போகக் கூடுகிறது, அது கான்கிரீட்டைக் கத்தரிப்பதில்லை, சாய்வாக இழுக்கிறது, அந்த இழுப்பால் தூணின் அடியருகே தொடங்கி, பீமின் நடுவை நோக்கி மேலேறும் சாய்வு விரிசல் உண்டாகிறது.

விரிசல் விழுந்த பிறகு யார் தாங்குவது?

ரிங்கே இல்லாத பீமில் சாய்வு விரிசல் விழுந்த அந்த நொடியிலேயே எல்லாம் முடிந்துவிடுவதில்லை. பாரம் விரிசலைக் கடந்து தூணுக்குப் போவதற்கு மூன்று வழிகள் எஞ்சியிருக்கின்றன. முதலாவது, விரிசல் இன்னும் எட்டாத மேற்பகுதிக் கான்கிரீட். இரண்டாவது, விரிசலின் இரு முகங்களிலும் துருத்திக்கொண்டிருக்கும் ஜல்லிகள் ஒன்றோடொன்று பல்லைப்போலக் கடித்துக்கொள்வது. இதை ஜல்லிப் பிணைப்பு என்று சொல்லலாம். மூன்றாவது, விரிசலைக் குறுக்காகக் கடந்துபோகும் அடிக் கம்பி, ஓர் ஆணியைப்போல இரு பக்கங்களையும் பிடித்துக்கொள்வது.

இவற்றில் ஜல்லிப் பிணைப்பு விரிசலின் அகலத்தைப் பொறுத்தது. விரிசல் மயிரிழையாக இருக்கும்வரை பற்கள் கடித்துக்கொண்டிருக்கும். அகன்றுவிட்டால் பிடி நழுவிவிடும். அடிக் கம்பி அதிகமாக இருந்தால் விரிசல் அகலாமல் கட்டுப்படும். ஆகவே ஜல்லிப் பிணைப்பும் வலுக்கும். வளைவுக்காக வைக்கும் அடிக் கம்பிக்கும் வெட்டு விசைக்கும் என்ன உறவு என்று குழம்பும் மாணவர்களுக்கு விடை இங்கேதான் இருக்கிறது. அடிக் கம்பி வெட்டு விசைக்கு உதவுகிறது, ஆனால் ஓர் எல்லை வரைதான். "மெயின் கம்பியை ஒரு நம்பர் கூட்டிவிட்டால் ரிங்கைக் குறைத்துக்கொள்ளலாம்" என்பது அந்த எல்லையை மறந்த பேச்சு.

இந்த மூன்று வழிகளுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. அவை முன்னறிவிப்பு இல்லாமல் கைவிட்டுவிடும். முறையாக வடிவமைத்த பீம் வளைவால் தோற்கும்போது அடிக் கம்பி இளகி நீள்கிறது, பீம் கண்ணுக்குத் தெரியும்படி தொய்கிறது, விரிசல்கள் அகல்கின்றன. வீட்டில் இருப்பவர்கள் வெளியேற நேரம் கிடைக்கும். வெட்டு விசையால் ஏற்படும் முறிவில் அந்தக் கால அவகாசம் கிடைப்பதில்லை. ஆகவேதான் ஒரு பீம் எப்போதாவது தோற்றே ஆக வேண்டுமென்றால் அது வளைவால்தான் தோற்க வேண்டும், வெட்டால் தோற்கக் கூடாது என்பதைப் பொறியாளர்கள் அடிப்படை ஒழுங்காக வைத்திருக்கிறார்கள்.

பாரமே இல்லாமல் விழுந்த கூரை

1955 ஆகஸ்ட் 17 அன்று, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஷெல்பி என்ற ஊரிலிருந்த வில்கின்ஸ் விமானப்படைக் கிடங்கின் கூரையில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. கூரையின்மேல் குறிப்பிடத்தக்க பாரம் எதுவும் இல்லை. ஏறத்தாழத் தன் எடையை மட்டுமே அது சுமந்துகொண்டிருந்தது. அதன் பீம்கள் சுமார் 914 மி.மீ. ஆழமானவை. முறிந்த இடத்தில் ரிங் இல்லை. நீளக் கம்பியும் பீமின் குறுக்குவெட்டுப் பரப்பில் 0.45 விழுக்காடு மட்டுமே இருந்தது. அன்றைய விதிகள் அந்தக் கான்கிரீட்டுக்குச் சதுர மில்லிமீட்டருக்கு 0.62 நியூட்டன் அளவுக்கு வெட்டுத் தகைவை அனுமதித்தன. தகைவு என்பது ஓர் அலகுப் பரப்பின்மேல் விழும் விசை. பீம் முறிந்ததோ சுமார் 0.5 நியூட்டனிலேயே. அதாவது, விதிப்படி முழுக்கப் பாதுகாப்பாக இருக்க வேண்டிய நிலையிலேயே அது முறிந்தது.

கான்கிரீட் உலர்ந்து சுருங்கியதாலும், வெப்பநிலை மாறியதாலும் பீமில் நீளவாக்கில் உருவாகியிருந்த இழுப்பு அதன் வலிமையைக் குறைத்திருந்தது என்பது பின்னர் நடந்த சோதனைகளில் தெரியவந்தது. மற்றொரு காரணம் பீமின் ஆழம். ஆழம் கூடக்கூட விரிசலும் அகலமாகும். அகலமானால் ஜல்லிப் பிணைப்பு நழுவும். எனவே ரிங் இல்லாத இரண்டடி பீம், ஓரடி பீமைப் போல இரு மடங்கு தாங்கும் என்று கணக்கிட முடியாது. டொராண்டோவில் கானி என்ற ஆய்வாளர் 1967இல் வெளியிட்ட சோதனை முடிவுகள் பீமின் அளவால் வரும் இந்த விளைவைத் தெளிவாகக் காட்டின.

இது பழங்கதையும் அன்று. 2006 செப்டம்பர் 30 அன்று கனடாவின் லாவால் நகரில் ஒரு மேம்பாலம் இடிந்து ஐந்து பேர் இறந்தார்கள். இடிவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்பு, கான்கிரீட் துண்டுகள் உதிர்ந்து சாலையில் கிடப்பதாகத் தகவல் வந்து, ஒருவர் பார்த்தும் சென்றிருந்தார். அந்தப் பாலத்தின் தடித்த தளத்தில் வெட்டு விசைக்கான கம்பி இல்லாதது காரணங்களுள் ஒன்று என விசாரணையில் தெரிந்தது. கம்பிகள் உரிய இடத்தில் வைக்கப்படாததும், கான்கிரீட்டின் தரக்குறைவும் மற்றவை.

சறுக்குமரமும் ஏணியும்

ரிங் இங்கே என்ன செய்கிறது? 1899இல் சுவிட்சர்லாந்தின் ரிட்டரும், 1902இல் ஜெர்மனியின் மோர்ஷும் இதற்கு ஒரு விடை சொன்னார்கள். இன்றைய விதிநூல்கள் அனைத்திலும் அதன் சாயல் உண்டு. விரிசல் விழுந்த பீமை அவர்கள் ஓர் இரும்பு ரயில்பாலச் சட்டகமாகப் பார்த்தார்கள். இரண்டு விரிசல்களுக்கு இடையில் எஞ்சியிருக்கும் சாய்வான கான்கிரீட் துண்டு, அமுக்கத்தைத் தாங்கும் சாய்வுக் கால். அதன் அடியையும் பீமின் மேற்பகுதியையும் இணைக்கும் செங்குத்து இழுகம்பி, ரிங்கின் கால்.

பூங்காவில் சறுக்குமரங்களையும் ஏணிகளையும் மாற்றிமாற்றி வரிசையாக வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். பீமின் மேலே இருக்கும் பாரம், சாய்வான கான்கிரீட் காலின் வழியே தூணின் திசையில் கீழே சறுக்குகிறது. அடியை எட்டியதும் அங்கே அதற்குப் பிடிமானம் இல்லை. ரிங் அதை ஏணிபோல மறுபடியும் மேலே ஏற்றிவிடுகிறது. அடுத்த சாய்வுக் காலில் மீண்டும் சறுக்கல், அடுத்த ரிங்கில் மீண்டும் ஏற்றம். கடைசிச் சறுக்கல் நேராகத் தூணில் போய் இறங்குகிறது.

ரிங்கின் வடிவத்தைப் பற்றிய விதிகள் எல்லாம் இந்தப் படத்திலிருந்தே கிளம்புகின்றன. ஏணியின் அடி உறுதியாக ஊன்றியிருக்க வேண்டும் என்பதால், ரிங் அடிக் கம்பியைச் சுற்றி வளைந்து வர வேண்டும். இழுக்கும்போது முனை அவிழக் கூடாது என்பதால், கொக்கி கான்கிரீட்டின் உட்புறத்துக்குள் மடங்கியிருக்க வேண்டும்; நிலநடுக்கத்துக்கு ஏற்ற முறையில் கட்டும்போது 135 பாகைக்கு மடக்க வேண்டும் என்று விதிநூல் வலியுறுத்துகிறது. இரண்டு ரிங்குகளுக்கு நடுவே ஒரு சாய்வு விரிசல் எதிலும் படாமல் நுழைந்து போய்விடக் கூடாது. 45 பாகை விரிசல் பீமின் ஆழத்துக்குச் சமமான தூரத்தைக் கடப்பதால், இடைவெளி அதைவிடக் குறைவாக இருந்தாக வேண்டும். இந்திய விதிநூலான ஐ.எஸ். 456 இதை ஆழத்தின் முக்கால் பங்கு அல்லது 300 மி.மீ., இவற்றில் எது குறைவோ அது என்று வரையறுக்கிறது.

ரிங்கை எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டிக்கொண்டே போகலாமா? முடியாது. ஏணிகளை எத்தனை வலுப்படுத்தினாலும் சறுக்குமரம் நொறுங்கினால் பயனில்லை. சாய்வான கான்கிரீட் கால் அமுக்கத்தில் நசுங்கும் எல்லை ஒன்று உண்டு. எம்20 என்ற தரக் கான்கிரீட்டுக்கு, வெட்டுத் தகைவாகச் சொன்னால், அது சதுர மி.மீ.க்கு 2.8 நியூட்டன். அதைத் தாண்டினால் பீமின் அகலத்தையோ ஆழத்தையோ கூட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

சுருங்கச் சொன்னால், சாய்வுக் கான்கிரீட் பாரத்தைக் கீழிறக்குகிறது, ரிங் மேலேற்றுகிறது, இரண்டும் சேர்ந்தே அதைத் தூணுக்குக் கொண்டுபோகின்றன.

ஒரு சிறு கணக்கு

ஐ.எஸ். 456:2000 சொல்லும் முறையில் ஒரு பீமைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். அகலம் 230 மி.மீ. பயனுறு ஆழம் 400 மி.மீ.; அதாவது பீமின் மேல் முகத்திலிருந்து அடிக் கம்பியின் மையம் வரையுள்ள தூரம். கான்கிரீட் எம்20. அடிக் கம்பியின் பரப்பு ஒரு விழுக்காடு. பாதுகாப்புக் காரணியால் பெருக்கிய வெட்டு விசை 120 கிலோநியூட்டன், ஏறத்தாழ 12 டன் எடை.

இந்த விசையைத் தூணின் முகத்தில் எடுக்காமல், அங்கிருந்து பயனுறு ஆழத்தின் அளவுக்குத் தள்ளி எடுப்பது வழக்கம். பீமின் மேலே, அந்தத் தூரத்துக்குள் விழும் பாரம் ஒரே சறுக்கலில் நேராகத் தூணுக்குப் போய்விடுவதால் ரிங்கின் உதவி அதற்குத் தேவைப்படுவதில்லை.

முதலில் தகைவு. 1,20,000 நியூட்டனை 230 பெருக்கல் 400 என்ற பரப்பால் வகுத்தால், சதுர மி.மீ.க்கு 1.30 நியூட்டன் வருகிறது. இது 2.8 என்ற உச்ச எல்லைக்குள் இருப்பதால் பீமின் அளவு போதும். ஒரு விழுக்காடு கம்பியுள்ள எம்20 கான்கிரீட் ரிங் இல்லாமலே தாங்கக்கூடியது 0.62 நியூட்டன் என்று விதிநூலின் அட்டவணை தருகிறது. அதைப் பரப்பால் பெருக்கினால் 57 கிலோநியூட்டன். மீதம் 63 கிலோநியூட்டன் ரிங்கின் பங்கு.

8 மி.மீ. கம்பியில் இரண்டு கால் ரிங் வைப்போம். இரண்டு கால்களின் குறுக்குப் பரப்பு சுமார் 100 சதுர மி.மீ. கம்பியின் வலிமை சதுர மி.மீ.க்கு 415 நியூட்டன். 500 நியூட்டன் வலிமையுள்ள எஃப்இ500 கம்பியைப் பயன்படுத்தினாலும், ரிங் கணக்கில் 415க்கு மேல் எடுக்கக் கூடாது என்பது விதி. பாதுகாப்புக்காக அதில் 0.87 பங்கை மட்டும் எடுத்துப் பரப்பால் பெருக்கினால், ஒரு ரிங் சுமார் 36 கிலோநியூட்டன் தாங்கும். 45 பாகை விரிசல் ஒன்று கிடைமட்டமாகக் கடக்கும் 400 மி.மீ.க்குள் எத்தனை ரிங் இருந்தால் 63 கிலோநியூட்டன் கிடைக்கும் என்பதுதான் கேள்வி. விடை ஒன்றே முக்கால் ரிங்; அதாவது 230 மி.மீ.க்கு ஒன்று. 200 மி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். தூணைவிட்டு விலகி, வெட்டு விசை குறையும் நடுப்பகுதியில் 300 மி.மீ. வரை தளர்த்தலாம். கான்கிரீட் மட்டுமே போதும் என்று கணக்கு சொல்லும் இடத்திலும் இந்தக் குறைந்தபட்ச ரிங்கை விட்டுவிடக் கூடாது. வில்கின்ஸ் கூரையை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இதற்குத் தனி விளக்கம் வேண்டாம்.

இதே பீமில் 8 மி.மீ.க்குப் பதிலாக 6 மி.மீ. கம்பியைப் போட்டால் பரப்பு கிட்டத்தட்டப் பாதியாகிவிடுகிறது. பழைய இடைவெளி 130 மி.மீ. அளவுக்குச் சுருங்க வேண்டும். "ரெண்டு மில்லிதானே வித்தியாசம்" என்று கடையில் சொல்லும்போது கம்பியின் விட்டத்தைத்தான் பார்க்கிறார்கள். விசையைத் தாங்குவதோ பரப்பு.

கட்டும் இடத்தில் கவனிக்க வேண்டியவை

எல்லா இடத்திலும் ஆறு இஞ்ச் என்று ஒரே சீராக ரிங் கட்டும் வழக்கம் பரவலாக உண்டு. அது எப்போதும் தவறு என்று சொல்லிவிட முடியாது. மேலே பார்த்த பீமுக்கு அது போதுமானதைவிட அதிகம். ஆனால் மேலே தண்ணீர்த் தொட்டி வரும் பீமுக்கும், தூணையே தாங்கும் பீமுக்கும் அதே பழக்கம் போதாமல் போகலாம். நிலநடுக்கத்துக்கான ஐ.எஸ். 13920 விதிநூல், தூணை ஒட்டி, பீமின் பயனுறு ஆழத்தைப்போல இரு மடங்கு நீளத்துக்கு ரிங்கை மிக நெருக்கமாக வைக்கச் சொல்கிறது. அந்த இடத்தில் இடைவெளி 100 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது என்பது அதன் 2016ஆம் ஆண்டுப் பதிப்பின் நிபந்தனைகளுள் ஒன்று.

நான் அதிகம் அஞ்சுவது வேறொன்றை. கட்டடம் முடிந்து, குளியலறைக் குழாய்க்கு வழி வேண்டும் என்று தூணுக்கு அருகிலேயே பீமைத் துளைக்கிறார்கள். துளைக்கும் இயந்திரம் வெட்டி எடுப்பது வெறும் கான்கிரீட்டை அன்று. சறுக்குமரம் ஒன்றையும், பல வேளைகளில் ஏணி ஒன்றையும் சேர்த்து எடுத்துவிடுகிறது. துளை தவிர்க்கவே முடியாதது என்றால், அதை வரைபடத்திலேயே காட்டி, வெட்டு விசை குறைவாக உள்ள இடத்துக்குத் தள்ளி, சுற்றிலும் கூடுதல் கம்பி வைத்துக் கான்கிரீட் ஊற்றும்போதே அமைத்துக்கொள்ள வேண்டும்.

குடியிருக்கும் வீட்டின் பீமில் விரிசல் தெரிந்தால் அதன் திசையைப் பாருங்கள். நடுப்பகுதியில், அடியிலிருந்து செங்குத்தாக எழும் மயிரிழை விரிசல் பெரும்பாலும் வளைவால் வருவது. கான்கிரீட் பீம்களில் அது இயல்புதான், அகலாமல் இருக்கிறதா என்று கவனித்து வந்தால் போதும். அடிக் கம்பியின் நீளத்தோடு ஒட்டி ஓடும் விரிசலும், அதில் பழுப்புக் கறையும் துருவின் அடையாளம். அது வேறு நோய், வேறு மருத்துவம். தூணுக்கு அருகில் சாய்வாக மேலேறும் விரிசலைக் கண்டால், அதைப் பூசி மறைப்பதற்கு முன், பீமுக்கு அடியில் முட்டுக் கொடுத்து, மேலே உள்ள பாரத்தைக் குறைத்து, அன்றைக்கே கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை வரவழைக்க வேண்டும்.